கிட்டத்தில் ஒரு குளம்

1987ஆம் ஆண்டு, மாசிப் பனி விலகாத ஒரு காலையில்தான் சிங்கவரத்து ராஜாம்பாள் ‘விதிக்காரர்’ என்னும் இனத்தை முதன்முதலில் கண்டாள். நீங்களும் கண்டிருப்பீர்கள். கண்ணெதிரே ஊர் கிடக்க, அதைத் தாளில் தேடுகிறவர் அவர்.

பெயர் ஜெயராமன், சென்னையில் வரலாற்று ஆய்வாளர். செஞ்சிக் கோட்டைக்கு வெளியே, கோயிலுக்குக் கிட்டத்தில் ஒரு குளம் இருந்ததாகப் பழைய ஓலை ஒன்று சொல்லிற்று. ‘வெளியே’, ‘கிட்டத்தில்’ போன்ற சொற்களையெல்லாம் விதிகளாக்கிக் கணிப்பொறிக்கு ஊட்டி, அது கக்கிய விடையை மடித்துச் சட்டைப்பையில் செருகி, பேருந்து பிடித்து, செஞ்சிப் பேருந்து நிலையத்தருகே ஓர் அறை எடுத்துக்கொண்டு, அந்த விடையின்மேலேயே வந்து நின்றுவிட்டார். விடை, ராஜாம்பாளின் வேர்க்கடலைக் கொல்லை; ஊர்ப் பேச்சில் மல்லாட்டைக் கொல்லை. பிடுங்குவதற்கு இன்னும் இருபது நாள் இருந்தது. வரும் திங்கட்கிழமை தோண்டலாம் என்றது அவர் கையிலிருந்த அனுமதிக் கடிதம்.

இந்த இனத்தாரோடு வாதாடியிருக்கிறீர்களா? அவள் கணவன் வீராசாமி வாதாடினான். அடியில் வெறும் பாறை, அங்கே ஏது குளம் என்றான். பாறைமேலும் குளம் இருக்கலாம் என்று உடனே ஒரு விதி எழுதிக்கொண்டு, அவனுக்கு நன்றியும் கூறினார் ஜெயராமன். மறுக்க மறுக்க விதிகள் பெருகின.

ராஜாம்பாள் மறுக்கவில்லை. ‘கிட்டத்தில்’ என்பதற்கு என்ன விதி என்று மட்டும் கேட்டாள். அவர் முகம் மலர்ந்தது. ஒன்றுக்குக் கிட்டத்தில் இருப்பதற்கு எது கிட்டத்தில் இருக்கிறதோ, அது முதலாவதற்கும் கிட்டத்தில் இருப்பதே என்று விளக்கினார்.

“அப்டியா சார்? கோயிலுக்குக் கிட்ட எங்க கொல்லை. கொல்லைக்குக் கிட்ட ரோடு. ரோட்டுக்குக் கிட்ட பஸ் ஸ்டாண்டு. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட நீங்க தங்கிக்கிற ரூமு. அப்போ கொளம் உங்க ரூமாண்டயும் இருக்கலாம் இல்ல? மல்லாட்டைய ஏன் சார் அழிக்கணும்?”

வேறு எவரும் சிரித்திருப்பார். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அன்றே சென்னைக்குப் பேருந்து ஏறினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆனால், அவள் கேள்வியில் ஓட்டை எங்கே என்று தேடி, ‘கிட்டத்தில் என்றால் ஒரு மைலுக்குள்’ என்று மனத்துக்குள் இந்நேரம் ஒரு விதி எழுதியிருப்பீர்களே? அப்படியானால் அந்த இனத்தை வெளியே தேடவேண்டாம்.

திங்கட்கிழமை விடிந்தது. கொல்லையை மறித்தபடி நின்றிருந்தாள் ராஜாம்பாள். புதிய தாளோடு வந்த ஜெயராமன் செடிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஒரு கடப்பாரை கிடைக்குமாம்மா?” என்றார். “ரூம்ல சிமென்ட் தரை.”