இரண்டு வாளிக் கடல்

இந்த ஊரில் இன்னொரு காற்றுக்காலத்தைப் பார்ப்பதில்லை என்று ஐஸ்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவு செய்தார். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாயில் நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து அறிவித்தார்.

"நாம கிளம்பறோம்."

"எங்க?" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"தம்பி வீட்டுக்கு. மாடி காலியாத்தான் கிடக்குதாம். வரச் சொல்லிட்டான்."

மெஷின் நின்றது. முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அந்த மெஷின் பாதித் தையலில் நின்றது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஊசி உடைந்து நின்றது.

ஐஸ்காரர் என்றால் ஐஸ் விற்றவர் அல்ல. படகுக்காரர்களுக்கு ஐஸ் கொடுத்த கம்பெனியில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தவர். கம்பெனியை மூடி எட்டு மாதமாகிவிட்டது. மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று கேட்டருகே நின்று கடைசி லாரி போகும்வரை பார்த்தார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் சாப்பிட மட்டும்தான் எழுந்தார். எழுந்தவர் சாப்பாட்டில் குறை சொல்லிவிட்டு மறுபடி சுவருக்கே போனார். எல்லாரும் சத்தம் கேட்டு விழிப்பார்கள். அவர் மட்டும் விடியற்காலை நாலு மணிக்கு மெஷின் சத்தம் கேட்கவில்லையே என்று விழித்துக்கொள்வார்.

ஊரும் அவரை மாதிரியேதான் இருந்தது. கடற்கரைச் சாலையில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. அவர்கள் வரிசையில் மூன்று வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் துரு கையோடு வந்தது. துணி காய்ந்தாலும் பிசுபிசுவென்றே இருந்தது. வானம்கூட துவைக்காத போர்வை மாதிரி மாதக்கணக்காக ஒரே நிறத்தில் தொங்கியது.

"மாடியில நான் இருக்க மாட்டேன்," என்றாள் மனைவி. "ஓரகத்தி வீட்டு மாடியில இருக்கறதும் அவ இடுப்புச் சாவிக்கொத்துல ஒரு சாவியா தொங்கறதும் ஒண்ணுதான். இங்க எனக்கு மெஷின் இருக்கு. ரவிக்கை தைக்க நாலு பேர் வர்றாங்க. அங்க போனா அவ கிழிசலைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"இங்க என்னம்மா இருக்கு? எது உயிரோட இருக்கு? ஒரு புல்லு முளைக்குதா?"

"முளைக்கும். நர்ஸம்மா கடற்கரை ஓரமா தோட்டம் போடறாங்க. நானும் பேர் கொடுத்திருக்கேன்."

ஐஸ்காரர் எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

"தோட்டமா! உப்புக் காத்துலயா! நீ நட்டது எதுவும் காத்துக்காலத்தைத் தாண்டாது, எழுதி வச்சுக்க."

"தாண்டினா?"

"தாண்டினா கட்டையில போற வரைக்கும் இந்த வீட்டுலதான். தம்பி பேச்சையே எடுக்க மாட்டேன். எல்லாம் செத்துப்போச்சுன்னா?"

"நானே மூட்டை கட்டறேன். அங்க வந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. மாடிகூட அப்புறம்தான். பேசாத மனைவிக்காகவே இந்தப் பந்தயத்தை ஜெயிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஜெயிப்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உப்பைப் பற்றி அவருக்குத் தெரியாததா? தகரப் பெட்டிகளில் நல்ல தண்ணீரை நிரப்பி, பெரிய உப்புத்தண்ணீர்த் தொட்டியில் இறக்கித்தான் ஐஸ் செய்வார்கள். அந்த உப்பு இரும்பைத் தின்றது. செருப்பைத் தின்றது. அவருடைய கை நகங்களில் இரண்டைத் தின்றது. அப்படிப்பட்ட உப்புக்கு ஒரு செடி எம்மாத்திரம்?

தோட்டக் குழுவில் மொத்தம் பதினோரு பேர். நாலு பேருக்கு முட்டிவலி, மூன்று பேருக்கு இடுப்புவலி, மீதிப் பேருக்கு இவர்களைப் பார்த்துத் தலைவலி. தலைவி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. ஊரே நோயாளி மாதிரி படுத்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. தடுப்புச் சுவரை ஒட்டி ஆளுக்குப் பத்தடி பாத்தி பிரித்தார்கள். எல்லாரும் ரோஜா, செம்பருத்தி, சாமந்தி என்று ஆசைஆசையாக வைத்தார்கள். கடைசிப் பாத்தியை மட்டும் யாரும் கேட்கவில்லை. அங்கே சுவர் இடிந்து கிடந்தது. அலை அடித்தால் சாரல் நேராக மண்ணில் விழும்.

"அதை எனக்குக் கொடுங்க," என்றாள் தையல்காரி.

பக்கத்தில் நின்ற ஐஸ்காரருக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அதைவிட ஜில்லென்றது, அவள் நட்டதைப் பார்த்தபோது. எங்கிருந்தோ ஒரு சாக்குப் பை நிறையக் கொடித்துண்டுகளைக் கொண்டுவந்து மணலில் செருகினாள். பூவும் இல்லை, மொட்டும் இல்லை.

"என்னம்மா இது, களை மாதிரி இருக்கு?" என்றார் நர்ஸம்மா.

"இருக்கட்டுங்க. எங்கிட்ட இருக்கறது இதுதான்."

பத்து நாளில் கொடித்துண்டுகள் வேர் பிடித்தன. ஐஸ்காரர் வாக்கிங் போவதுபோலப் போய்க் குனிந்து பார்த்தார். இரண்டு இரண்டாகத் துளிர். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. காற்றுக்காலம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. காற்றை மட்டும் நம்பிச் சும்மா இருக்கலாமா? நல்ல போர்மேன் எதையும் தற்செயலுக்கு விடமாட்டான்.

"உனக்குத்தான் முட்டி வலிக்குதே," என்றார் சாயங்காலம். "பாத்திக்குத் தண்ணி ஊத்தற வேலையை நான் பாத்துக்கறேன்."

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

"சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"அதுவும் சரிதான். சின்ன வாளியில எத்தனை நடை நடப்பீங்க? மொட்டை மாடியில பெரிய வாளி ரெண்டு இருக்கு, எடுத்துக்குங்க."

ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று ஐஸ்காரருக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபமே வந்தது.

மறுநாள் பொழுது விடியும் நேரம் பெரிய வாளிகளோடு இறங்கினார். இடிந்த சுவர் வழியே நாலு கல் இறங்கினால் கடல். இரண்டு வாளி மொண்டு வந்து பாத்தி முழுக்கச் சீராக ஊற்றினார். தினமும் ஊற்றினார். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தடவிக்கொண்டு போனார். இந்த வயதில் ஈரக் கல்லில் வழுக்கினால் யார் பார்ப்பது என்ற பயம் எனக்கே வருகிறது, அவருக்கு வரவில்லை. ஒரு வேலை என்று வந்துவிட்டால் அவர் அப்படித்தான்.

தூரத்திலிருந்து நர்ஸம்மா பார்த்தார். தெரிந்தது வாளியும் குனிந்த முதுகும் மட்டும்தான். அன்றைக்கே ஊர் முழுக்கச் செய்தி பரவியது. ஐஸ்காரர் மனைவியின் பாத்திக்காக விடியற்காலையில் தண்ணீர் சுமக்கிறார்!

பக்கத்து வீட்டு போஸ்ட்மேன் தெருமுனையில் அவரை மடக்கினார்.

"ஏன்யா, உமக்கு நான் என்ன துரோகம் பண்ணேன்?"

"என்னய்யா ஆச்சு?"

"என்ன ஆச்சா? என் வீட்டுல விடிஞ்சதும் உம்ம பேரைத்தான் சுப்ரபாதமா பாடறா. 'ஐஸ்காரரைப் பாருங்க, பொண்டாட்டிக்காக முதுகொடியறார்'னு. நேத்து என்னைக் களை எடுக்க அனுப்பிட்டாய்யா! முப்பத்தஞ்சு வருஷம் ஊருக்கெல்லாம் நடந்த காலு. இப்ப குந்தி உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்குது."

"நான் பண்றது பாசத்துல இல்லைய்யா..."

"அதான் எனக்கும் தெரியும். அவளுக்கு யார் சொல்றது?"

பாத்தியோ வாடுவதாக இல்லை. ஐஸ்காரர் இரண்டு வாளியை நாலாக்கினார். அதுவும் போதாமல் சமையலறை ஜாடியிலிருந்து கல்லுப்பை ஒரு கைப்பிடி அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தூவினார்.

"உப்பு சீக்கிரமா தீந்துபோகுதே," என்றாள் மனைவி.

"ஈரக் காத்து. கரைஞ்சிருக்கும்."

மறுநாள் ஜாடி கழுத்துவரை நிரம்பியிருந்தது.

பிறகு காற்று வந்தது. மூன்று நாள் யாரும் கதவைத் திறக்கவில்லை. கடல் சுவரில் மோதும் ஒவ்வொரு தடவையும் அலமாரியில் பாத்திரம் குலுங்கியது. ஐஸ்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மனதுக்குள் சாமான்களை மூட்டை கட்டினார். எதை விடுவது, எதை எடுப்பது. மெஷினை மாடிப்படியில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். அதை நினைத்தபோது மட்டும் மனசு கொஞ்சம் இடறியது. மனைவி இரண்டு நாளாக மெஷினைத் தொடவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி வாயைத் திறக்காமல் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐஸ் கம்பெனி மூடிய மறுநாள் மாதிரி இருந்தது.

நாலாம் நாள் காற்று நின்றது. எல்லாரும் கடற்கரைக்கு ஓடினார்கள்.

பத்துப் பாத்தியும் கருகிக் கிடந்தன. ரோஜாச் செடிகள் தீயில் வாட்டிய குச்சிகள் மாதிரி நின்றன. செம்பருத்தி இலைகள் தொட்டால் பொடியாக உதிர்ந்தன. நர்ஸம்மா எத்தனையோ சாவு பார்த்தவர். சாமந்திப் பாத்தி முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பதினோரு பேரும் வயதானவர்கள் என்பது அன்றுதான் பளிச்சென்று தெரிந்தது.

"இங்க வாங்க! இங்க வந்து பாருங்க!" போஸ்ட்மேன் கடைசிப் பாத்தியிலிருந்து கத்தினார்.

ஐஸ்காரரும் போனார். பார்த்தார். பத்தடி பாத்தி பதினைந்தடியாகியிருந்தது. இடிந்த கற்களின்மேல் பாய் விரித்ததுபோல் பச்சை. அதன்மேல் ஊதா நிறத்தில் பூக்கள், புனல் புனலாக. ஒவ்வொரு பூவும் தன்னைப் பார்த்து வாயைத் திறந்து சிரிப்பதாக அவருக்குப் பட்டது.

"எப்படிங்க பராமரிச்சீங்க?" என்று நர்ஸம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. "எங்களுக்கும் சொல்லுங்க. என்னதான் ஊத்துனீங்க?"

பத்துப் பேர் அவர் வாயைப் பார்த்தார்கள். பதினோராவது ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பெருசா ஒண்ணுமில்ல," என்றார் ஐஸ்காரர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மனசு வச்சு ஊத்துனேன்."

கைதட்டினார்கள். அங்கேயே தீர்மானம் போட்டார்கள். அந்தக் கொடியை வெட்டி எல்லாப் பாத்தியிலும் நடுவது. தண்ணீர்ப் பொறுப்பு முழுவதும் ஐஸ்காரருக்கு. போஸ்ட்மேன் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினார். பழிவாங்கும் கைதட்டல் அது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஐஸ்காரர் பூட்டிய கம்பெனி வாசலில் நின்று தம்பிக்குப் போன் செய்தார்.

"நாங்க வரலைடா."

"அப்படியாண்ணே? சரிண்ணே, சரிண்ணே," என்றான் தம்பி. குரலில் ஒரு சுமை இறங்கிய சத்தம் நன்றாகக் கேட்டது. "அவகிட்ட சொல்லிடறேன். அவளும் நாலு நாளா தூங்கல."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தம்பிகிட்ட வரலைன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ரொம்ப வருத்தப்பட்டான்."

மனைவி நூலைப் பல்லால் கடித்தாள். "பாவம்," என்றாள்.

ஐஸ்காரர் அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தக் கொடியை எங்க பிடிச்சே?"

"உங்க கம்பெனி பின்பக்கம்தான். உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து பின்கேட்டுல நிப்பேனே, நீங்க வெளிய வர அரை மணி ஆகும். தொட்டி கழுவுன உப்புத்தண்ணியெல்லாம் அந்த வாய்க்கால் வழியாத்தான் வரும். அந்தத் தண்ணியில நின்னுக்கிட்டே முப்பது வருஷமா பூத்துது. அங்க வேற என்ன இருக்கு பாக்கறதுக்கு? அதையே பாத்துக்கிட்டு நிப்பேன்."

ஐஸ்காரர் தன் கைகளைப் பார்த்தார். அந்தத் தொட்டியை வாராவாரம் திறந்துவிட்ட கைகள். திறந்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று ஒரு நாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. அங்கே யார் நிற்கிறார்கள் என்றும் பார்த்ததில்லை. சாப்பாட்டை வாங்கிக்கொண்டு, "ஏன் ஆறிப்போச்சு?" என்று கேட்டதுதான் ஞாபகம் வந்தது.

வாளி விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தார். வேண்டாம். அது ஒன்றாவது அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். இவ்வளவு தோற்ற பிறகு ஒரு மனுஷனுக்கு ரகசியம் என்று ஏதாவது ஒன்று வேண்டாமா? எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"என்னங்க," என்றாள் மனைவி, துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "நாளைக்குப் போறப்ப அந்தக் கல்லு மூலைக்கும் சேர்த்து ஊத்துங்க. நீங்க கொண்டுவர்ற கடல் தண்ணி அங்க மட்டும் சரியா எட்டறதில்ல."