மூவருக்கு ஒரு பட்டு

ரெம்பாவ் கல்யாண மண்டபத்தில், பெண்கள் உடைமாற்றும் அறையில், ரவிக்கையும் உள்பாவாடையுமாகத் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள் ரோகினி. அவள் கட்டவேண்டிய பட்டுச்சேலை அப்போது மேடையில், மங்கம்மாவின் உடம்பில் இருந்தது.

"தாலி கட்டியாச்சு. இன்னும் ஏன் இறங்க மாட்டேங்குறா?"

"பொண்ணுக்கு அத்தை லா அவ. நாலு போட்டோவாவது எடுக்க வேணாமா?" என்றாள் கூட இருந்த புஷ்பவள்ளி.

விஷயம் இதுதான். எஸ்டேட் லயத்தில் இவர்கள் மூவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். ஒரு காலத்தில் துணி காயப்போடும் கம்பிக்காகச் சண்டைபோட்டு, மூன்று மாதம் முகம் பார்க்காமல் திரிந்தவர்கள். ஆளுக்கொரு மட்டமான சேலை எடுப்பதைவிட, காசைச் சேர்த்து அசல் காஞ்சிப்பட்டு ஒன்று எடுத்தால் என்ன என்று ரோகினிக்குத்தான் தோன்றியது. சிரம்பானுக்குப் போய் மயில்பச்சையில் எடுத்துவந்தார்கள். ரவிக்கை அவரவருக்கு, சேலை முறைவைத்து. அன்றிலிருந்து அப்படியொரு ஒட்டு! சேலையை மடிப்பதென்றால்கூட மூவரும் கூடி, தேநீர் போட்டு, ஊர்க்கதை பேசித்தான் மடிப்பார்கள். லயமே வயிறெரிந்தது.

கெடுத்தது ரோகினியின் வாய். போன ஞாயிறு கெமாஸிலிருந்து வள்ளியம்மாவும் அவள் கணவர் அமிர்தலிங்கமும் ரோகினியின் மகள் தர்ஷினியைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் ரயில் ஓட்டுகிறான், நிரந்தர வேலை. வள்ளியம்மா, ரோகினி அன்று கட்டியிருந்த மயில்பச்சையின் முந்தானையைத் தடவிப் பார்த்து, "அசல் பட்டு போலிருக்கே?" என்றாள்.

"எங்கம்மா குடுத்ததுக்கா. இன்னொருத்தியைத் தொடக்கூட விடமாட்டேன்!"

சும்மா இருந்திருக்கலாம். சம்மதமா இல்லையா என்ற பதிலை இந்தக் கல்யாணத்தில் நேரில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள் வள்ளியம்மா. இன்றைய முறையோ மங்கம்மாவுடையது. வள்ளியம்மா சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவாள், அதற்குள் சேலை கைமாறிவிடும் என்று ரோகினி நம்பியிருந்தாள்.

வெளியே எட்டிப்பார்த்த புஷ்பவள்ளி அலறினாள். "அலாமாக்! கெமாஸ்காரங்க வந்துட்டாங்க லா! முன்வரிசையில!"

"ஓடு! மங்கம்மாவை இழுத்துட்டு வா!"

ரோகினி கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். மயில்பச்சையில் ஜொலித்துக்கொண்டு, வள்ளியம்மாவின் கையைப் பிடித்தபடி, மங்கம்மா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். ரோகினி தன்னைத் தேற்றிக்கொண்டாள். 'பாவம், எனக்காகத்தான் சமாளிக்கிறா.'

ஒருவழியாக மங்கம்மா உள்ளே வந்து பட்டை அவிழ்த்தாள். வீட்டிலிருந்தே பட்டோடு வந்தவளுக்கு மாற்றுச்சேலை ஏது? ஆணியில் தொங்கிய ரோகினியின் சேலையைச் சுற்றிக்கொண்டு, "உனக்குத்தான் பட்டு வருதே" என்று நடையைக் கட்டினாள்.

ரோகினி திரும்பிப் பார்த்தால், பட்டு புஷ்பவள்ளியின் இடுப்பில்.

"ஏய், என்னடி பண்றே?"

"ஒரே ஒரு போட்டோ லா! அஞ்சு நிமிஷம்!"

துண்டோடு துரத்த முடியுமா? ஐந்து நிமிஷம் இருபத்தைந்தாகியும் ஆளைக் காணோம். மறுபடி கதவிடுக்கு. சாப்பாட்டுப் பந்தியில், பரிமாறுபவனிடமிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கி, அமிர்தலிங்கத்தின் இலையில் தானே ஊற்றிக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி.

"இன்னும் கொஞ்சம்ணே!"

"போதும்மா, போதும்!"

அவர் கையை நீட்டித் தடுக்க, வாளி ஆட, சாம்பார் முந்தானையில் இறங்கியது.

பட்டு ரோகினியிடம் வந்துசேர்ந்தபோது அதில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. பதறிப்போய்க் கைகழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் சிவப்பாகி, உள்ளங்கை அளவு தட்டு அளவாகியது.

கறையைக் கக்கத்துக்குள் ஒளித்துச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஒருக்களித்து நடந்து, வள்ளியம்மா முன் போய் நின்றாள். பக்கத்திலேயே மங்கம்மாவும் புஷ்பவள்ளியும் நின்றிருந்தார்கள்.

"வாங்கக்கா!" என்று இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டாள். கறையும் கூடவே எழுந்து கும்பிட்டது.

வள்ளியம்மா கறையைப் பார்த்தாள். அமிர்தலிங்கம் தன் கைபட்டுச் சிந்திய சாம்பாரை அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னொருத்தியைத் தொடக்கூட விடமாட்டேன்னு சொன்னியே?" என்றாள் வள்ளியம்மா.

ரோகினி உடைந்துபோனாள். "பொய் சொல்லிட்டேன்கா. மூணு பேருக்கும் இது ஒண்ணுதான். வசதியா இருக்கிற மாதிரி காட்டணும்னு ஆசைப்பட்டுட்டேன். என் வாய்க்காக எம்பொண்ணை வேணாம்னு சொல்லிடாதீங்க. அவளுக்கு உங்க பையனைப் புடிச்சிருக்கு. வேணும்னா இவங்களையே கேளுங்க, என் கூடப்பொறக்காத அக்கா தங்கச்சிங்க..."

கைகாட்டிய திசையில் மங்கம்மா கூரையில் சுற்றும் காற்றாடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். புஷ்பவள்ளிக்குத் திடீரென்று வளையலைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பெண் பார்க்க வந்த அன்றுகூட வாயைத் திறக்காத மனுஷர் அமிர்தலிங்கம். கையைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகச் சொன்னார்:

"இதுக்கு ஏம்மா அழறே? உங்க லயத்துல நாங்க பொண்ணு பார்த்த மூணு வீட்டுலயும் இந்தச் சேலைதானே வாசல்ல நின்னு எங்களை வாங்கன்னு கூப்பிட்டுச்சு!"