தேநீர்ப் பாசனம்

நீடித்த நீர்ப்பாசன வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிப் பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. குறைந்த தண்ணீரில் நிறைந்த விளைச்சல் எடுப்பது எப்படி என்று கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்துக்காகப் பதினேழு ஆண்டுகளாக அங்கே மேசைகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். 'நீடித்த' என்ற சொல்லுக்கு மட்டும் யாரும் குறை வைக்கவில்லை.

பதினெட்டாம் ஆண்டில் நிஜமாகவே ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. தக்காளியக்காவுக்குப் பிடித்தது சனி.

அரை ஏக்கர் தக்காளிதான் அக்கா குடும்பத்தின் ஒரு வருடத்துச் சாப்பாடு. செடிகள் பூவெடுத்து நின்ற சமயம், இயக்குநர் ஜீப்பில் வந்து இறங்கி வரப்பில் ஒரு பலகையை நட்டார். 'ஒப்பீட்டு வயல்' என்று அதில் எழுதியிருந்தது.

"பெருமைப்படுங்கம்மா," என்றார். "பக்கத்து வயலுக்கு அளந்து அளந்து தண்ணி விடப்போறோம். உங்க வயலுக்கு விடவே மாட்டோம். ரெண்டையும் ஒப்பிட்டா, தண்ணி விட்டா செடி வளருமான்னு தெரிஞ்சிடும்."

"வளரும் ஐயா. நானே சொல்லிடறேனே."

"நீங்க சொன்னா அது பேச்சு. நாங்க சொன்னாத்தான் முடிவு. நடுவுல நீங்க தண்ணி பாய்ச்சினா வாய்க்கால்ல உங்க பங்கு ரத்து."

காவலுக்கு ஓர் அளவுக்காரர் வந்து சேர்ந்தார். குடை, முக்காலி, ஒரு நோட்டு, இவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம். அவர் போன பிறகு பாய்ச்சலாம் என்றால் அதற்கும் வழியில்லை. வாய்க்கால் மதகும் அரசாங்க மதகு. ஒன்பதுக்குத் திறந்து ஐந்துக்கு மூடிவிடும். மனிதர் மதியச் சாப்பாட்டைக்கூட முக்காலியிலேயே முடித்துக்கொண்டார். டீயை மட்டும் டீக்கடையில் போய்க் குடித்தார்.

ஒன்பதாம் நாள் செடிகள் தலை தொங்கிவிட்டன. அன்று காலை பத்து ஐம்பதுக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து தூறல் போட்டது. அளவுக்காரர் துள்ளி எழுந்தார்.

"ஐயோ! அனுமதி இல்லாத தண்ணி! அக்கா, அந்தத் தார்ப்பாயைப் பிடிங்க!"

வருகிற மழையைத் தன் வயலில் விழாமல் தானே தடுக்கும் கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது? அக்கா ஒரு முனையைப் பிடித்தார், அவர் மறு முனையைப் பிடித்தார். அரை ஏக்கரில் நாலு செடி நனையாமல் தப்பியது. மணி பதினொன்று அடித்ததும் அளவுக்காரர் தார்ப்பாயைத் தொப்பென்று போட்டுவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"என்ன தம்பி, மழை இன்னும் பெய்யுதே?"

"இப்பப் பெய்யறது மழை இல்லக்கா. இடைவேளை."

"அப்படின்னா?"

"பதினொண்ணுலேர்ந்து பதினொண்ணு இருபது, மூணுலேர்ந்து மூணு இருபது. அந்த நேரத்துல நடக்கறது எதுவும் ஆராய்ச்சியில சேராது. நோட்டுல அதுக்குக் கட்டமே கிடையாது."

அக்கா வானத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை. டீக்கடை இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

மறுநாள் முதல் பதினொரு மணிக்கு அக்கா மண்வெட்டியோடு வாய்மடையில் தயாராக நின்றார். அளவுக்காரர் அந்தப் பக்கம் திரும்ப, தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பும். இருபது நிமிடத்தில் அக்கா மடையை அடைத்துவிடுவார். திரும்பி வருகிறவர் ஈரப் பாத்தியைத் தாண்டிப்போய் உட்கார்ந்து, 'பாய்ச்சிய நீர்: இல்லை' என்று நேர்மையாக எழுதுவார்.

தக்காளி காய்த்துக் கொட்டியது. அளந்து அளந்து தண்ணீர் விட்ட பக்கத்து வயலோ, அளவு சரியா என்று கடிதம் போய் வருவதற்குள் காய்ந்துவிட்டது.

நிலையமே குலுங்கியது. 'தண்ணீர் இல்லாவிட்டால் தக்காளி நன்றாக விளையும்' என்று இருநூறு பக்க அறிக்கை வெளியானது. அக்காவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "ரகசியம் என்னம்மா?" என்று இயக்குநர் மைக்கை நீட்டினார். உண்மையைச் சொன்னால் பங்கு போய்விடும்.

"எல்லாம் டீயாலதான் ஐயா," என்று சொல்லி வைத்தார் அக்கா.

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அடுத்த வாரம் உத்தரவு வந்தது: பாசனத்துக்குத் தண்ணீர் தேவையில்லை என்று ஆராய்ச்சி மெய்ப்பித்துவிட்டபடியால் மதகு நிரந்தரமாக மூடப்படுகிறது.

மூடிய அன்று பதினொரு மணிக்கு இயக்குநருக்கு டீ வரவில்லை. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாய்க்கால்ல தண்ணி இல்ல சார், டீக்கும் அதே தண்ணிதான். மதகை மூடச்சொல்லி நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"பாசனத்துக்குத்தானய்யா வேண்டாம்னேன்! டீக்கு யார் வேண்டாம்னது?"

பதினேழு ஆண்டுகளில் அந்த நிலையம் அவ்வளவு வேகம் காட்டியதில்லை. அரை மணி நேரத்தில் திருத்த உத்தரவு தயார்: தேநீர்த் தேவையை முன்னிட்டு மதகு நாளுக்கு இரண்டு முறை, இருபது இருபது நிமிடம் திறக்கப்படும்.

அவ்வளவுதான். பதினொரு மணி அடித்தால் ஊர் மொத்தமும் மண்வெட்டியோடு டீ குடிக்க ஓடியது. அளவுக்காரரின் நோட்டில் புதிய கட்டம் வந்தது. 'பாசனம்: இல்லை. தேநீர்: அரை ஏக்கருக்கு அறுபதாயிரம் கோப்பை.' அக்கா அதில் தினமும் கையெழுத்துப் போட்டார். பகல் முழுக்க ஓடிய வாய்க்கால் நாற்பது நிமிட வாய்க்கால் ஆகிவிட்டதே என்று பொருமிய அக்கம்பக்கத்தார் அவரைப் பார்த்தபோதெல்லாம், "உன் டீ புண்ணியம், அக்கா!" என்றார்கள்.

கோடை வந்தது. மேல்வயல்காரர்கள் முந்திக்கொண்டதில் அக்காவின் பாத்திக்கு ஒரு சொட்டும் எட்டவில்லை. செடிகள் மறுபடியும் தலை தொங்கின. அக்கா மனு எழுதினார். பழகிப்போன கை, தண்ணீர் என்று எழுதாமல், 'எனக்கு மூன்றாவது வேளையும் தேநீர் வேண்டும்' என்றே எழுதியது.

பதில் மூன்றே நாளில் வந்தது. இயக்குநரே அக்கறையோடு கைப்பட எழுதியிருந்தார்:

'அதிகமாகத் தேநீர் குடிப்பது உடம்புக்கு ஆகாது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.'