ஏழாம் நம்பர் கட்டிலில் நான் செத்த கதை

நான் ஒரு முறை செத்திருக்கிறேன். பட்டப்பகலில், டூட்டி நேரத்தில், யூனிஃபார்மோடு.

அறுபதுகளின் தொடக்கம். நர்ஸ் படிப்பை அப்போதுதான் முடித்துவிட்டுத் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். என்னோடு சேர்ந்தவர்கள் நான்கு பேர். மூன்றாவது மாதம் திரும்பிப் பார்த்தால் ஒருத்தியும் இல்லை. ஒருத்திக்குத் திடீர்க் கல்யாணம். ஒருத்தியின் அப்பாவுக்குத் திடீர் நோய். (அந்த அப்பாவை மறுவாரமே சந்தையில் பார்த்தேன், தேங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.) மற்ற இருவரும் காரணம் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் ரயிலேறிவிட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. அது சீசன் நேரம். ஊர் உலகமெல்லாம் ஓய்வெடுக்கக் குற்றாலம் வரும். ஐந்தருவியில் வழுக்கி விழுந்தவர், குரங்கிடம் கடி வாங்கியவர், குளித்த பசியில் கண்டதையும் தின்றவர் என்று, ஓய்வெடுத்து முடித்தவர்கள் நேரே எங்களிடம் வருவார்கள். ஐந்து பேர் வேலையை நான் ஒருத்தி பார்த்தேன். பதினெட்டு நாளாக லீவு இல்லை. மேட்ரனிடம் கேட்டால், "நான் சேர்ந்த புதுசுல ஆறு மாசம் உக்காந்ததே இல்ல" என்பார். (எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.)

வேலை எனக்குப் பிடித்திருந்தது. நின்றுகொண்டே உறங்குவதுதான் பிடிக்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதி ஏப்ரன் பையில் வைத்திருந்தேன். கொடுக்க நேரம் கிடைக்கவில்லை.

அன்று மதியம் ஏழாம் நம்பர் கட்டில் காலியாக இருந்தது. பத்து நாளாக அதில் காய்ச்சலில் கிடந்த ஆய்க்குடி பேச்சியம்மா ஆச்சி தேறிவிட்டதால், காலையில்தான் அவளை வராந்தாவுக்கு மாற்றியிருந்தோம். ஊசிகளைக் கொதிக்கப் போட்டுவிட்டு, இரண்டே நிமிடம் என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியே சாரல் அடித்தது. நான் படுத்ததும், போர்வையைத் தலைவரை இழுத்து மூடியதும் பிறர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஆச்சியின் தங்கை இசக்கியம்மா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து சேர்ந்தாள். அக்காள் கட்டிலில் தலை முதல் கால் வரை வெள்ளைப் போர்வை. தூக்குவாளி தரையில் விழுந்தது.

"ஏ யக்கா! என் கூடப்பொறந்தவளே! நாரத்தங்கா ஊறுகா கேட்டியே, கொண்டாந்தனே, நாக்குல வைக்காமப் போயிட்டியே!"

வார்டில் நடக்க முடிந்த பெண்களெல்லாம் வந்து கூட அழுதார்கள். வராந்தாவில் இருந்த பேச்சியம்மா ஆச்சிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. அழுகிறவளை முதலில் கட்டிக்கொண்டு அழ வேண்டும். செத்தது யார் என்று அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். ஆச்சி மரியாதை தெரிந்தவள். ஓடி வந்து, தங்கையைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, முறைப்படி அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"ஏட்டி இசக்கி, செத்தது யாரு?"

"நீதான்க்கா!" என்று அழுதபடியே திரும்பினாள் இசக்கியம்மா.

அடுத்து அவள் போட்ட அலறலில்தான் நான் விழித்தேன். படித்த படிப்பு சும்மா விடுமா? வார்டில் யாருக்கோ ஆபத்து என்று போர்வையோடு எழுந்து உட்கார்ந்து, "யாருக்கு என்னாச்சு?" என்றேன். இசக்கியம்மா மயங்கி விழுந்தாள். கால் சுளுக்கு என்று நாலு நாளாக எழ மறுத்த ஓர் அம்மாள் கேட் வரை ஓடினாள்.

தண்ணீர் வற்றி ஊசிகள் கருகும் வாடை பிடித்து மேட்ரன் வந்தார். கட்டிலில் நான், தரையில் கஞ்சி, கஞ்சியில் இசக்கியம்மா.

"சிஸ்டர், நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அதுதான். கடிதம்கூடத் தேவையில்லை. ஆனால் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, போகச் சொல்லாதீங்கம்மா. எனக்கு இந்த வேல வேணும். ஒரே ஒரு நாள் உறங்கிட்டு வாரேன்."

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

பேச்சியம்மா ஆச்சி குறுக்கே வந்து நின்றாள். "பத்து நாளா நானும் பாக்கேன், இந்தப் பிள்ள ஒரு நேரம் உக்காந்து பாக்கல. மாட்டுக்குக்கூட பொழுதடஞ்சா நுகத்தடிய எறக்குதோம். இப்படி வேல வாங்குனா பொணம் மாதிரி உறங்காம என்ன செய்யும்? செத்தவ நானே கோவப்படல, ஒங்களுக்கு என்னம்மா கோவம்?"

மேட்ரன் மெதுவாகப் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. அடுத்த வாரத்திலிருந்து, சீசனானாலும் புது நர்ஸுகளுக்கு வாரம் ஒரு நாள் லீவு என்று உத்தரவானது. மதியம் அரை மணி நேரம் படுக்கத் துணி அறையில் ஒரு கட்டிலும் வந்தது. அதன் மேலே மேட்ரன் தம் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: "முகத்தை மூடி உறங்கக் கூடாது." மறு வருடம் சேர்ந்த பெண்களில் யாருடைய அப்பாவுக்கும் நோய் வரவில்லை. நானும் ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இருந்தேன்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரிடம் சொன்னது நான் செய்த இரண்டாவது தப்பு. இன்றைக்கும் மதியம் போர்வையை இழுத்து மூடினால் வாசல்படியில் வந்து நிற்பார்.

"என்ன, உறக்கமா? இல்ல, அழுறதுக்கு ஆய்க்குடிக்குச் சொல்லி விடணுமா?"

"அரை மணி கழிச்சு வந்து கேளுங்க" என்பேன்.