சமதளத்தில் கிளம்பாத வேன்

ஆறு வருஷமாக என் மாமியாரிடமிருந்து என்னைக் காப்பாற்றி வந்தது என் வேனின் வியாதி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்டர் சுற்றாது. எங்கள் மலைக்கிராமத்தில் இது ஒரு குறையே இல்லை. சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கிவிடுவோம். உருட்டிவிட்டால் கிளம்பிவிடும். மாமியார் இருக்கும் கோச்கோர் ஊரோ மாவு தேய்க்கும் பலகை மாதிரி சமதளம்.

"அங்க போனா வண்டி கிளம்பாதே, புருலாய்" என்று ஒவ்வொரு கோடையிலும் என் மனைவியிடம் உதட்டைப் பிதுக்குவேன். போனால் முதல் நாள் குடிக்கக் குமிஸ் என்ற புளித்த குதிரைப்பால், மறுநாள் கையில் அரிவாள். பத்து நாள் புல் அறுக்க வேண்டும். நான் உட்கார்ந்தால் ஏன் என்பார், எழுந்தால் எங்கே என்பார்.

இந்தக் கோடையில் புருலாய் சந்தையிலிருந்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு வந்தாள்.

"ஸ்டார்டர் ரிலேயாம். சாவி வழியாப் போற பழைய வயர்ல கரண்ட் சரியாப் போகலையாம். இதை வெச்சா பேட்டரியிலேருந்து நேராப் போகுமாம். மெக்கானிக் படம் போட்டுக் கொடுத்தார்."

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வயர் சூடாகித் தீப்பிடிச்சா?"

"அதுக்குத்தான் பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ். முதல்ல மைனஸைக் கழட்டுங்க."

கழற்றினேன். படத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்லச் சொல்ல மாட்டினேன். ஒவ்வொரு திருகையும் முடிந்தவரை மெதுவாக முறுக்கினேன். தீக்குப் பயந்து அல்ல, வேலை ஒழுங்காக முடிந்துகொண்டிருந்தது. மறுபடி மைனஸை மாட்டிவிட்டுச் சாவியைத் தொட்டேன்.

"ஏங்க, கியரை எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. பழக்கதோஷம். திருப்பியிருந்தால் வேன் துள்ளிக் குதித்து, கீழ்வீட்டுக்காரரின் கூடாரத்துக்குள் விருந்துக்குப் போயிருக்கும்.

"நியூட்ரல்ல போட்டுட்டு பிரேக்கை மிதிச்சிக்கிட்டே இருங்க. சக்கரத்துக்குக் கல்லு வெக்கிறேன்."

நாலு சக்கரத்துக்கும் வைத்தாள். பிறகு கைகழுவப் போனாள். சீட்டுக்கு அடியில் பேட்டரி பக்கத்தில் இருந்த ஃபியூஸைப் பிடுங்கிக் கல்பாக் தொப்பிக்குள் செருகினேன். ஆம்பளை தலையிலிருக்கும் தொப்பியை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் தொடமாட்டாள்.

அவள் வந்ததும் சாவியைத் திருப்பினேன். ரிலே மட்டும் 'டிக்' என்றது.

"பாவம், சந்தை வரைக்கும் அலைஞ்சே. நம்ம வண்டிக்கு ஒத்துக்கலை" என்றேன், முகத்தைத் தொங்கப்போட்டு.

அவள் பார்வை ஒருமுறை என் தொப்பிக்குப் போய் வந்தது.

"சரி, விடுங்க. நம்மால போக முடியலைன்னா அம்மாவே வரட்டும். தம்பி குதிரைவண்டியில கொண்டுவந்து விடறேன்னான். பனி விழற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

பத்து நாள் எங்கே, பனி விழும்வரை எங்கே.

"ஒரு நிமிஷம் இரு. பேட்டரி முனையில அழுக்கா இருக்கும்."

சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். தொப்பி சரிந்தது. ஃபியூஸ் தன் இடத்துக்குப் போனது. சாவியைத் திருப்பினேன். ஒரே உறுமலில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா? இனிமே நாமளே கோச்கோர் போகலாம். பத்து நாள் தங்கி, புல் மொத்தத்தையும் நானே அறுத்துக் கொடுத்துடறேன்."

புருலாய் சிரிக்கவில்லை. கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டாள்.

"புல்லைத் தம்பி போன வாரமே அறுத்துட்டான். குதிரைவண்டி அம்மா இடுப்புக்கு ஆகாதேன்னுதான் கவலையா இருந்துச்சு. நீங்களே போய் நம்ம வேன்ல கூட்டிட்டு வந்துடுங்க."