ஏறாத முள்

முள் ஏறவில்லை.

மெக்கானிக் மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். முள் லேசாக ஆடிவிட்டு, பழைய இடத்திலேயே போய்ப் படுத்துக்கொண்டது. அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, கழுவித் துடைத்துப் பூட்டிய எஞ்சின். தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆயில் பிரஷர் மட்டும், பிரிப்பதற்கு முன்னால் எவ்வளவோ அவ்வளவேதான்.

வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் சமாளித்திருப்பார். இது சகலையின் வேன். சகலை பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவர். கொஞ்சம் இரைச்சலாக இருக்கிறது என்று கொண்டுவந்தவரிடம், மீட்டரை மாட்டி, விழுந்து கிடந்த முள்ளைக் காட்டி, எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும் என்று சொன்னவர் மெக்கானிக்தான். நாளைக் காலையில் வேன் வராவிட்டால் வேறு வண்டி வைத்துக்கொள்வதாகப் பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். சகலையின் பிழைப்பு போய்விட்டால், அப்புறம் மாமனார் வீட்டு வாசலை மெக்கானிக் எந்த முகத்தோடு மிதிப்பது? நம்ம சின்ன மாப்பிள்ளை கை வைத்தால் வைத்ததுதான் என்று மாமனார் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார்.

“டாஷ்போர்டுல சிவப்பு லைட்டு அணைஞ்சிடுச்சே சகலை. நான் எடுத்துட்டுப் போகட்டுமா?” என்றார் சகலை, பயந்துகொண்டே.

“லைட்டை நம்புனவன் நடுரோட்டுல நிப்பான். முள்ளைப் பாருங்க.”

சகலை முள்ளைப் பார்த்தார். முள் அவரைப் பார்த்து வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

மெக்கானிக்குக் கோபம் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. குற்றவாளி யார் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆயில் கடைக்காரன். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், இது ஆயிலா அல்லது கை கழுவிய தண்ணீரா என்று கேட்டார். ஒரே கம்பெனி ஆயிலைத்தான் இத்தனை வருஷமாக வாங்குகிறீர்கள் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷமாக ஏமாற்றியிருக்கிறாய் என்று அர்த்தம் என்றார் மெக்கானிக். கெட்டியான ஆயிலை வாங்கி வந்து மாற்றி ஊற்றினார். முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. அதுவும் அவர் பார்க்க விரும்பியதால் நகர்ந்ததோ என்னவோ.

அடுத்து ஆயில் பம்ப். புதுசு என்று சொல்லிப் பழையதைத் தலையில் கட்டிவிட்டான் உதிரிபாகக் கடைக்காரன் என்று திட்டிக்கொண்டே, எஞ்சினுக்கு அடியில் படுத்து, ஆயில் தேங்கும் சட்டியைக் கழற்றினார். பம்ப் பளபளவென்று இருந்தது. இருந்தாலும் மாற்றினார். கோபத்தில் இழுத்த இழுப்பில் சட்டியின் ஓரத்துப் பேக்கிங் கிழிந்தது.

சட்டியைக் கழற்றியதுதான் கழற்றினோம், லேத்காரனையும் விடக்கூடாது என்று ஆள் அனுப்பினார். எஞ்சினைச் சுழற்றும் தண்டைக் கண்டபடி கடைந்துவிட்டான், பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவில் யானையே புகுந்து போகும் என்பது அவர் வாதம். லேத்காரர் வேலையைப் போட்டுவிட்டு வந்தார். வேனுக்கு அடியில் படுத்து, இடைவெளியை அளந்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“அளவு சுத்தமா இருக்கு. இனிமே உங்க வேலை என் லேத்துக்கு வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“பாத்தீங்களா சகலை? தப்பு பண்றவனுக்குத்தான் ரோஷம் பொத்துக்கிட்டு வரும்.”

சகலை பேக்கரியிலிருந்து வந்த போனை எடுக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி ஸ்டார்ட் செய்தபோது, முள் இருந்த இடத்தில் இருந்தது. கிழிந்த பேக்கிங் வழியாக ஆயில் மட்டும் சொட்டு சொட்டாக இறங்கியது. மெக்கானிக் அதன் கீழே ஒரு வாளியை வைத்தார். அடுத்து, பிரஷர் அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்ளும் வால்வைக் கழற்றி, அதன் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரைப் போட்டு இறுக்கினார். முள் கொஞ்சம் ஏறியது. மெக்கானிக்கின் முகத்தில் பகல் முழுக்கக் காணாத வெளிச்சம் வந்தது. இன்னொரு வாஷர் போட்டார். இன்னும் கொஞ்சம் ஏறியது. பாதி தூரமாவது வரட்டும் என்று மேலும் ஒன்றைப் போட்டு, சகலையை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொன்னார்.

சகலை மிதித்தார். ஆயில் பில்டர் வீங்கி, வாயைப் பிளந்து, டமாரென்று வெடித்தது. கெட்டி ஆயில் சுவரில், கூரையில், ரொட்டித் தட்டுகளில், மெக்கானிக்கின் நெற்றியில் எங்கும் அடித்தது.

சகலை எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். சாதுவான மனிதர். ஆனால் இப்போது அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

“பிரஷரே இல்லைங்கிறீங்க. அப்புறம் பில்டர் எப்படி வெடிக்கும்? ஒருவேளை மீட்டர்தான் தப்பா காட்டுதோ?”

அதுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை. மெக்கானிக் ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். மீட்டர் வந்த நீலப் பெட்டியை எடுத்து ஒருமுறை பார்த்தார். நீலப் பெட்டிதான். அதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. பெட்டியைச் சகலையின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“இந்த மீட்டரைச் சந்தேகப்படுறதும் என்னைச் சந்தேகப்படுறதும் ஒண்ணு. ஆயில் கடைக்காரன் திருடன், பாகக் கடைக்காரன் திருடன், லேத்காரன் திருடன். இத்தனை திருடனுங்களுக்கு நடுவுல ஒருத்தன் மனசாட்சியோட தொழில் பண்றேன். என்னைப் போய்ச் சொந்தத்துலயே கேள்வி கேக்குறீங்களே.”

சொல்லும்போது குரல் உடைந்தது. நிஜமாகவே அவருக்கு மனசு வலித்தது. சகலைக்கு என்னவோ போலாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கும் பாவனையில், எஞ்சினை மறுபடி இறக்குவதானாலும் இறக்கிவிடுங்கள், பேக்கரி வேலை போனால் போகட்டும் என்று முணுமுணுத்தார். பிழைப்பை விட உறவு பெரிது என்று நினைக்கிற ரகம் அவர். மெக்கானிக் பெருந்தன்மையோடு தலையசைத்து, சகலையின் தோளில் ஆயில் கையை வைத்தார்.

வெடிச் சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து மெக்கானிக்கின் மனைவி துடைக்கிற துணியோடு ஓடி வந்தாள். யாருக்கும் அடிபடவில்லை என்று பார்த்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் சட்டையெல்லாம் ஆயிலாக நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பாவமாக இருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டாள். எல்லாம் மாற்றியும் முள் ஏறவில்லை என்று சகலை விளக்கினார்.

அவள் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த மீட்டரைத் திருப்பி, அதன் முதுகைப் பார்த்தாள். அங்கே அடையாளத்துக்கு வைத்த ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“தப்பு என்மேலதாங்க. அலமாரியைத் துடைக்கிறப்ப ரெண்டு மீட்டரையும் பெட்டி மாத்தி வச்சுட்டேன் போல. இது எஞ்சினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி காட்டுற மீட்டர். பூட்டினதுக்கு அப்புறம் காட்டுற மீட்டர் மேல இருக்கு, எடுத்துட்டு வரட்டுங்களா?”