திருத்தம் பத்து

மொட்டை மாடியில் சவாசனத்தில் கிடந்த பக்கத்து ஃபிளாட் பட்டாபிராமனின் காதுக்கு அரை அடி தள்ளி, ரோஜாத் தொட்டியில் விமானம் மூக்குக் குத்தி நின்றது.

"ஜானகிராமன்! நான் இன்னும் போய்ச் சேரலை. யோகாதான் பண்ணிண்டிருக்கேன்."

"சாரி சார். மூக்கு கொஞ்சம் கனம். அவ்வளவுதான், கண்டுபிடிச்சிட்டேன்."

ஜானகிராமன் வாரத்துக்கு நாலு தடவை கண்டுபிடித்துவிடுவார். சிறுசேரியில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். நல்ல சம்பளம் கொடுத்து அதற்கென்றே வைத்திருந்தார்கள். சாயங்காலம் கேளம்பாக்கத்து ஃபிளாட்டுக்கு வந்த பிறகும் மனுஷனால் அதை நிறுத்த முடியவில்லை.

'செங்கைச் சிறகுகள்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. தெர்மாகோல் அட்டையில் ரிமோட் விமானம் செய்து விளையாடும் நாற்பது பேர் அதில் இருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் இலவசமாகப் போட்ட வரைபடம் ஒன்று அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் அதை மாற்றலாம். மாற்றி, பறக்கவிட்டுப் பார்த்து, எண் போட்டுப் பகிர வேண்டும் என்பது குழுவின் சட்டம். ஜானகிராமன் மாற்றுவார், பகிர்வார். நடுவில் இருப்பதற்குத்தான் அவருக்குப் பொறுமை கிடையாது.

மூல விமானம் ஏற்கெனவே ஜம்மென்று பறந்துகொண்டிருந்ததே என்று யாராவது கேட்டால், "பறக்குது, ஆனா சுமாராப் பறக்குது" என்பார். அவர் கை வைத்ததிலிருந்து அந்தச் சுமாரும் போயிற்று. தொட்டியில் நின்றது திருத்தம் ஏழு.

அன்றைக்கே பேட்டரியைப் பிடுங்கி வால் நுனியில் கட்டினார். மூக்கில் மோட்டாரும் அதன் விசிறியும் மட்டுமே மிச்சம். 'திருத்தம் எட்டு. கனம் சமன் செய்யப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்' என்று குழுவில் போட்டுவிட்டு மாடி ஏறினார். விமானம் வால் கனத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பி அவர் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"வால் இறக்கை சின்னது. கண்டுபிடிச்சிட்டேன்."

வால் இறக்கையை இரண்டு மடங்காக்கினார். அது திருத்தம் ஒன்பது. மாடிக்குக் கொண்டு போகும்போது வாலின் மேல் செங்குத்தாக நின்ற துடுப்பை லிஃப்ட் கதவு கடித்துத் துப்பிவிட்டது. ஜானகிராமன் கலங்கவில்லை. மிச்சத்தையும் வெட்டிவிட்டு, முன்னாலிருந்த பெரிய இறக்கையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு துடுப்பை ஒட்டினார். 'திருத்தம் பத்து. காற்றியல் காரணங்களுக்காக நடுத்துடுப்பு நீக்கம்' என்று எழுதினார். லிஃப்டைப் பற்றி மூச்சு விடவில்லை.

பத்து என்பதால் வரைபடத்தில் தன் பெயரையும் போட ஆசைப்பட்டார். 'வடிவமைப்பு: கே. ஜானகிராமன்' என்பது கொஞ்சம் நீளம், இடம் போதவில்லை. ஓரத்தில் எது முன்பக்கம் என்று காட்டும் ஒரு அம்புக்குறி சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதை அழித்துவிட்டுப் பெயரைப் போட்டார். பார்க்க அம்சமாக இருந்தது.

அதுவும் பறக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? மனைவி ஸ்ரீதேவியின் துவைத்த புடவையில் போய்ச் சுருண்டது.

ஸ்ரீதேவி ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பவள். பால்கனி அறை முழுக்க தெர்மாகோல் என்பதால் அவள் வகுப்பு அடுப்படி வாசலில் நடந்துகொண்டிருந்தது. புடவையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம். உங்க டிசைன் ஒண்ணு, ஒரே ஒண்ணு, ரெண்டு நிமிஷம் வானத்துல நிக்கணும். நான் என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா திங்கக்கிழமை அந்த ரூம்ல டியூஷன் போர்டு."

அந்த அறை போனால் ஜானகிராமனுக்கு இந்த உலகத்தில் வேறு இடமே இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்வராயன் என்ற விவசாயியின் குரல் குழுவில் வந்தது.

"சார், உங்க பத்து சூப்பரா பறக்குது சார்! கம்பங்கொல்லையில கிளி ஓட்டிக்கினு கீறேன். மோட்டாரு, படகு மோட்டாரு மாதிரி சும்மா தள்ளிக்கினு போவுது சார்!"

அதை ஸ்ரீதேவிக்கு மூன்று தடவை போட்டுக் காட்டினார். "பாத்தியா! த்ரஸ்ட்னு சொல்லத் தெரியலை, பாவம், தள்ளுதுங்கறாரு."

"இங்க பறக்காதது அங்க எப்படிப் பறக்குது?"

"இங்க கடல் காத்து. கண்டுபிடிச்சிட்டேன்."

"குரல் எல்லாம் எனக்கு வேண்டாம். அவரை வரச் சொல்லுங்க."

ஞாயிறு காலை, திருப்போரூர் பக்கம் ஒரு வறண்ட ஏரியில் குழு கூடியது. ஸ்ரீதேவி குடையும் கைக்கடிகாரமுமாக நின்றாள். செங்கல்வராயன் விமானத்தை உரச்சாக்கில் சுற்றி டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்து இறங்கி, ஜானகிராமனைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மொதல்ல நீங்க வுடுங்க சார். நீங்க பெரியவரு."

ஜானகிராமன் விட்டார். விமானம் நாலு அடியில் மல்லாந்தது. மறுபடி விட்டார். கவிழ்ந்தது. மூன்றாம் தடவை ஏரிக்கரையில் மேய்ந்த எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அலட்சியமாக மேயப் போனது. செங்கல்வராயன் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தார். பெரியவர் செய்தால் காரணம் இருக்கும் என்று மூடிக்கொண்டார்.

"காத்து சரியில்லை" என்றார் ஜானகிராமன். "நீங்க விடுங்க செங்கல்வராயன்."

செங்கல்வராயன் பத்தடி தள்ளிப்போய், சாக்கைப் பிரித்து ஒரு எறி எறிந்தார். விர்ரென்று ஒரு சத்தம். குழுவே 'ஓ' என்று கத்தியது. ஜானகிராமன் நிமிர்ந்தபோது வெயிலுக்கு நேரே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது. அதற்கு மேல் அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை, ஸ்ரீதேவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம். இரண்டு. மூன்று.

ஸ்ரீதேவி கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி. பேச்சு பேச்சுதான். ரூம் உங்களுது."

அடேயப்பா, அந்த மனுஷனைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது! குழுவைச் சுற்றி நிறுத்திப் பிரசங்கமே வைத்துவிட்டார். பேட்டரியை வாலுக்குக் கொண்டுபோன துணிச்சல், வால் இறக்கையைப் பெரிதாக்கிய தீர்க்கதரிசனம், நடுத்துடுப்பை நீக்கிய காற்றியல் காரணம் எல்லாம் விலாவாரியாக வந்தது. ஸ்ரீதேவிகூட இரண்டு தடவை தலையாட்டினாள்.

அதற்குள் செங்கல்வராயன் விமானத்தைப் பூப்போல இறக்கி எடுத்து வந்து, ஜானகிராமனுடையதற்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க, காலையிலேர்ந்து கேக்கணும்னு நெனச்சிக்கினு கீறேன். பிளேன நீங்க மட்டும் இன்னாத்துக்கு சார் பின்பக்கமா வுடுறீங்க?"